பெருமணலைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

2025ஆம் ஆண்டு உலகச் சுற்றுச்சூழல் நாளையொட்டித் தனுஷ்கோடியில் பெரும்பூநாரைகளுக்கான சரணாலயம் ஒன்றைத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. ஏறத்தாழ 525 ஹெக்டேர் பரப்பு. சேற்று நிலம், உவர் நிலம், அலையாத்திச் செடிகள், இவற்றோடு மணல்மேடுகளும் அதில் அடங்கும். வரவேற்கத்தக்க அறிவிப்பு, அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் இப்படி ஓர் அறிவிப்பு வரும்போதெல்லாம் நம் ஊரில் எழும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றாகவே இருக்கிறது. எப்படிப் போவது? வண்டி எதுவரை போகும்? எந்த மாதம் போனால் படம் நன்றாக வரும்? காப்பாற்றப்பட்டது என்ற சொல்லுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று பொருள் கொள்ளும் பழக்கம் நமக்கு எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எங்கள் குற்றச்சாட்டைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறோம். மணல்மேடு என்பது வேலி போட்டு, பலகை நட்டு, நுழைவுச்சீட்டுக் கொடுத்துக் காட்டத்தக்க ஒரு பொருள் என்று அரசும் சுற்றுலாவும் இலக்கியமும் சேர்ந்து ஓர் உருவத்தைக் கட்டியிருக்கின்றன. அந்த உருவம் பொய்யானது. மணல்மேடு நிற்கும் இடத்தில் மட்டும் அதைக் காப்பாற்ற இயலாது. அதைக் காப்பாற்றுவதும் அழிப்பதும் பெருமளவுக்குக் கடலைப் பார்த்தே இராத ஊர்களில்தான் நடக்கிறது. அவ்வாறான ஊர்களில் ஒன்று கலசப்பாக்கம்.

கடலுக்கும் கலசப்பாக்கத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் இருப்பார்கள். பர்வதமலை தெரியும் தொலைவில், செய்யாற்றின் கரையில் இருக்கும் ஊர் அது. பக்கத்தில் ஆரணி, பட்டுத் தறியின் ஊர். எங்கள் பக்கத்தார் கடலைக் காண்பது கோடை விடுமுறையில், வேன் எடுத்துக்கொண்டு ராமேஸ்வரமோ வேளாங்கண்ணியோ மாமல்லபுரமோ போகும்போதுதான். ஆகவே இந்த விவாதத்தில் பேச எங்களுக்கு என்ன உரிமை என்ற கேள்வி இயல்பானது. விடையைச் சற்றுப் பின்னால் சொல்கிறோம். அதற்கு முன் மணல்மேடு என்பது என்ன என்று பார்த்துவிட வேண்டும். ஏனெனில் பலருக்கு அது வெறும் மணற்குவியல்தான்.

அலை கொண்டுவந்து ஒதுக்கிய மணல் வெயிலில் காய்கிறது. காய்ந்த மணலைக் காற்று நிலத்தின் பக்கம் தள்ளுகிறது. வழியில் ஒரு கொடியோ புல்லோ நின்றால் காற்றின் வேகம் அங்கே குறைகிறது. குறைந்த இடத்தில் மணல் விழுகிறது. விழுந்த மணல் செடியை மூடுகிறது. செடி மணலுக்கு மேல் மறுபடி தலைநீட்டுகிறது. அது தலைநீட்டிய உயரத்துக்கு மறுபடி மணல் சேர்கிறது. மேடு இப்படித்தான் வளர்கிறது. அடும்பு என்று பழம்பாடல்களும் ஆட்டுக்கால் அடம்பு என்று ஊராரும் சொல்லும் கொடி இந்த வேலையைச் செய்கிறது. இராவணன் மீசை என்று நாம் வேடிக்கையாகப் பெயர் வைத்திருக்கும் முள்போன்ற புல்லும் இதே வேலையைச் செய்கிறது. அதன் விதைக்கொத்து பந்துபோல் காற்றில் உருண்டு போய் வேறோர் இடத்தில் தங்கி, அங்கும் மணலைப் பிடிக்கத் தொடங்கும். இவற்றுக்குப் பின்னால், காற்றும் உப்பும் சற்றுத் தணிந்த இடத்தில் தாழை வரும், புன்னை வரும், பனை வரும்.

புயல் வந்தால் அலை இந்த மேட்டின் முகப்பை அரிக்கும். அரித்த மணல் கரைக்குச் சற்று அப்பால் கடலடியில் திட்டாகப் படிந்து, அடுத்து வரும் அலைகளை அங்கேயே உடைக்கும். கடல் தணிந்த மாதங்களில் அந்த மணலில் ஒரு பகுதி கரைக்குத் திரும்பும். காற்று அதை மீண்டும் மேட்டில் ஏற்றும். ஆக, மேடு இருக்கிறது என்றால் கொடுக்கலும் வாங்கலும் நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். கொடுக்கல் வாங்கல் நின்றுவிட்ட மேடு, சட்டப்படி எத்தனை ஆண்டு காக்கப்பட்டாலும், மெல்லக் கரைந்து போகும்.

இன்னொன்றும் உண்டு. மணல்மேட்டின் மேல் விழும் மழைநீர் கீழிறங்கி, உப்புநீரைவிட இலேசானது என்பதால் அதன் மேல் மிதந்து நிற்கும். தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயலுக்குப் பின்னும் மீனவக் குடும்பங்கள் வாழ முடிந்தது இந்த நீரால்தான். இருபுறமும் கடல் சூழ்ந்த மணலில் சில அடி ஆழத்துக்குத் தோண்டி, ஊற்றெடுக்கும் நன்னீரைச் சிரட்டையாலும் குவளையாலும் அள்ளிக் குடத்தில் நிரப்பும் பெண்களை அங்கே பலரும் கண்டிருக்கலாம். சுற்றுலாப் பயணி அதை ஓர் அதிசயமாகப் படம் எடுத்துக்கொள்கிறார். அதிசயம் ஏதுமில்லை. மேடு இருக்கும்வரை நீர் இருக்கும். மேட்டைச் சமன்செய்தால் குடம் காலி.

இப்போது இலக்கியத்துக்கு வருவோம். இந்தப் பக்கங்களைப் படிப்பவர்களுக்கு நெய்தல் திணையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. எற்பாடு, இரங்கல், தாழை, புன்னை, பரதவர் என்று பட்டியலை மனப்பாடமாக ஒப்பிக்கக் கூடியவர்கள் நம்மில் அநேகர். ஆனால் ஒரு செய்தியை எத்தனை பேர் நின்று கவனித்திருக்கிறார்கள் என்பது ஐயம். தொல்காப்பியம் நானிலங்களை வரிசைப்படுத்தும் இடத்தில் இந்நிலத்தைக் கடல் என்று பெயரிடவில்லை. பெருமணல் என்று பெயரிடுகிறது. காட்டையும் மலையையும் நீரையும் சொன்ன வரிசையில் நான்காவதாக வருவது மணல். பிற்கால இலக்கணமும் பாடநூல்களும் கடலும் கடல் சார்ந்த இடமும் என்று சொல்லிச் சொல்லி, மணலைக் கடலின் ஓரமாக்கிவிட்டன. நிலத்தின் பெயராக இருந்தது காட்சியின் பின்னணியாகச் சுருங்கிற்று.

அந்தப் பாடல்களை எழுதியவர்கள் மணலை உற்றுப் பார்த்தவர்கள். அலை ஒதுக்கிய மணலுக்கு எக்கர் என்று தனிச்சொல் வைத்திருந்தார்கள். கரையோரச் சோலைக்குக் கானல் என்று வேறொரு சொல். தலைவனின் தேர்ச்சக்கரம் அடும்புக்கொடியை அறுத்துக்கொண்டு போவதும் நண்டு அஞ்சி ஓடுவதும் நெய்தல் பாடல்களில் மீண்டும் மீண்டும் வரும் காட்சி. உரையாசிரியர்களும் பேராசிரியர்களும் அதில் உள்ளுறை கண்டார்கள், காண வேண்டியதுதான். ஆனால் அடும்பு அறுபட்டால் மணல் அவிழும் என்ற வெளிப்படையான பொருளும் அங்கே இருக்கிறதே, அதை யார் சொல்வது? ஒரு தேர் போன தடத்தைக் கவிஞன் காயமாகக் கண்டான். இன்று நான்கு சக்கரமும் ஒருசேர இயங்கும் வண்டிகள் மணலில் ஏறி இறங்குவதைச் சாகசம் என்று விளம்பரப்படுத்துகிறார்கள். அந்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, மாலையில் நெய்தல் கவிதைகளின் படிம நேர்த்தி பற்றிக் கூட்டம் போடுவதில் முரண் எதுவும் இருப்பதாக நம் இலக்கியச் சூழல் நினைப்பதில்லை.

சொற்களை இழந்தவர்கள் நிலத்தை இழப்பார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? எக்கர், கானல், பெருமணல் என்ற சொற்கள் அகராதியில் உறங்குகின்றன. வருவாய்த் துறை ஆவணத்தில் அதே நிலத்துக்குப் பெயர் புறம்போக்கு அல்லது தரிசு. எவருக்கும் பயன்படாத நிலம் என்று பெயர் வைத்துவிட்டால் எவர் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். 1990களின் பிற்பகுதியில் கிழக்குக் கடற்கரைச் சாலை வந்த பிறகு, சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே மணல்மேடுகள் எத்தனை தோட்ட வீடுகளின் புல்தரையாகவும் விடுதிகளின் நீச்சல்குளமாகவும் மாறின என்பதை அந்தச் சாலையில் போய்வரும் எவரும் அறிவர்.

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. சட்டத்தின் மொழியையும் இலக்கிய வாசகர்கள் ஒருமுறை வாசிக்க வேண்டும் என்பதற்காகவே இதைச் சற்று விரித்துச் சொல்கிறோம். 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1991 பிப்ரவரியில் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வந்தது. அழகுபடுத்துவதற்காகவோ பொழுதுபோக்குக்காகவோ மணல்மேடுகளைச் சீர்ப்படுத்துவதையும் மாற்றுவதையும் அது தடைசெய்தது. 2011ஆம் ஆண்டு அறிவிக்கையும் அதே தடையைத் தொடர்ந்தது. பிறகு 2019 ஜனவரியில் புதிய அறிவிக்கை. மணல்மேடுகள் அதில் சூழல்நுண்மை மிக்க பகுதிகளின் பட்டியலில் இருக்கின்றன என்பது உண்மை. ஆனால் தடையின் வாசகத்தில் ஒரு பெயரடை புகுந்துவிட்டது. உயிர்ப்புள்ள மணல்மேடுகளை மாற்றுவது தடை, என்று ஆயிற்று. அழகுபடுத்தல், பொழுதுபோக்கு என்று காரணங்களைப் பெயர் சுட்டிச் சொன்ன பகுதி போய்விட்டது.

ஒரு பெயரடை என்ன செய்துவிடும் என்று வேறு யாரும் கேட்கலாம். இலக்கியம் படிப்பவர்கள் கேட்கக் கூடாது. உயிர்ப்புள்ள மேடு எது? மணல் நகர்ந்துகொண்டிருக்கும் மேடா? அப்படியானால் அடும்பும் தாழையும் வேரோடி நிலைபெற்ற மேடு, அதாவது தன் வேலையை மிக நன்றாகச் செய்து முடித்த மேடு, உயிர்ப்பற்றதாகிவிடுமா? புயல் வந்தால் அந்த நிலைபெற்ற மேடும் மணலைக் கொடுக்கத்தானே போகிறது? இதற்கு விடை சொல்லும் அதிகாரம் மேட்டின் மீது நின்று வாழ்பவர்களிடம் இல்லை; வரைபடம் தயாரிப்பவர்களிடம் இருக்கிறது. அதே அறிவிக்கை, மக்கள்தொகை அடர்ந்த ஊர்ப்புறக் கரைகளில் கட்டுமானம் கூடாத பகுதியின் அகலத்தை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்தது. அதே அறிவிக்கை, மிக உயர்ந்த பாதுகாப்புள்ள பகுதிகளிலேயே சூழல் சுற்றுலாவுக்கு வாசல் திறந்தது: நடைபாதைகள், மரக்குடில்கள். பாதுகாப்பின் எல்லை சுருங்கச் சுருங்கப் பார்வையாளரின் பாதை நீள்கிறது. போய்ப் பார்க்கும் இடமாக மணல்மேட்டை நினைக்கும் மனப்பழக்கம் சட்டத்துக்குள்ளும் நுழைந்துவிட்டது என்கிறோம்.

இனி கலசப்பாக்கத்துக்கு வரலாம். கடற்கரை மணல் கடலில் விளைவதன்று. சிப்பியும் பவளமும் நொறுங்கிச் சேரும் பங்கு ஒருபுறம் இருக்க, தமிழ்நாட்டின் கீழைக்கரையில் பெரும்பகுதி மணலை மலையிலிருந்து ஆறுகள்தாம் கொண்டுவந்தன. செய்யாறு சவ்வாது மலையில் தோன்றுகிறது. செங்கம், கலசப்பாக்கம் வழியே வந்து, ஆரணிப் பக்கத்துக் கமண்டல நாகநதியையும் சேர்த்துக்கொண்டு, திருமுக்கூடலில் பாலாற்றோடும் வேகவதியோடும் கலக்கிறது. பாலாறு வாயலூருக்கு அருகே, சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே கடலில் விழுகிறது. விழுந்த மணல் அங்கேயே நிற்பதில்லை. தென்மேற்குப் பருவக் காற்றின் மாதங்களில் கரையோர நீரோட்டம் வடக்கு நோக்கி மணலை நகர்த்தும். வடகிழக்குப் பருவத்தில் சிறிது தெற்கே திரும்பும். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் வடக்கே போவதே மிகுதி. சவ்வாது மலையின் பாறை நொறுங்கிய துகள் பாலாற்று முகத்துக்கு வடக்கே உள்ள கரைகளுக்கும் மேடுகளுக்கும் போய்ச் சேரும் வழி இதுதான்.

அந்த வழி இன்று என்ன நிலையில் இருக்கிறது? மேலே செங்கத்துக்கு அருகில் குப்பநத்தம் அணை. கீழே வாயலூரில் தடுப்பணை. நீருக்காகக் கட்டப்பட்டவை; நீர் தேவைதான்; உவர்நீர் உள்ளே ஏறாமல் தடுப்பதும் தேவைதான். ஆனால் தடுக்கும் சுவர் நீரை மட்டும் தடுப்பதில்லை, மணலையும் தடுக்கிறது என்பதைத் திட்ட அறிக்கைகள் பேசுவதே அரிது. இரண்டுக்கும் நடுவே, ஆற்றுப்படுகையில் பல பத்தாண்டுகளாக அள்ளப்பட்ட மணல். 2003இல் ஆற்று மணல் அள்ளும் உரிமையை அரசு தன்னிடமே எடுத்துக்கொண்டது. 2012இல் சிறு கனிமக் குவாரிகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இவற்றுக்கு முன்னும் பின்னும் யூனிட் கணக்கில் மணல் லாரி ஏறியது. செய்யாற்றிலும் பாலாற்றிலும் மணல் போன இடத்தில் களிமண்ணும் கருவேலமும் மிஞ்சின. கிணறுகள் ஆழமாயின.

ரத சப்தமியன்று திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தீர்த்தவாரிக்காகக் கலசப்பாக்கம் செய்யாற்றுக்கு எழுந்தருள்வார். ஆற்றில் நீர் இல்லாவிட்டால் ஊரே வருந்துகிறது, அது செய்தியாகிறது. மணல் இல்லாவிட்டால் யாரும் வருந்துவதில்லை. ஆறு என்றால் நீர் என்று மட்டும் கற்றுக்கொடுத்துவிட்டோம். ஆற்றுக்கு இரண்டு வேலை: நீரைக் கொண்டுபோவது, மணலைக் கொண்டுபோவது. இரண்டாவது வேலையை நாம் நிறுத்திவிட்டோம். நிறுத்திவிட்டு, வேன் எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய், மணல்மேடு கரைகிறதே என்று பெருமூச்சு விடுகிறோம். பாவு அறுந்த தறியில் ஊடை ஓட்டிப் பயனில்லை என்பதை ஆரணிப் பக்கத்து நெசவாளி எவரும் சொல்வார். ஆறு பாவு, காற்றும் அலையும் ஊடை. பாவை இங்கே அறுத்துவிட்டு அங்கே சேலையை எதிர்பார்ப்பது அறிவுடைமை ஆகாது. கடற்கரை மணலைப் பற்றிப் பேச எங்களுக்கு என்ன உரிமை என்ற கேள்விக்கு இதுவே விடை. அது எங்கள் ஆற்றின் மணல். உரிமை மட்டுமில்லை, பொறுப்பும் எங்களுடையதே.

ஆற்றைத் தாண்டி வந்த மணலுக்கும் கரையில் தடைகள் காத்திருக்கின்றன. சென்னைத் துறைமுகம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கடலுக்குள் கை நீட்டியபோது தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் ஊருக்குள் வந்தது. வடக்கே போக வேண்டிய மணலைச் சுவர் நிறுத்திவிட்டது. நாம் மாலையில் சுண்டல் தின்னும் அகன்ற மணல்வெளி, வடசென்னை மீனவக் குப்பங்கள் இழந்த கரையின் மறுபக்கம். 1980களில் துறைமுகம் கட்டிய பின் புதுச்சேரியும் இதே பாடத்தைக் கற்றது. தெற்கே தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டக் கரைகளில் கார்னெட்டுக்கும் இல்மனைட்டுக்கும் மணல் அள்ளப்பட்டது. 2013இல் தமிழ்நாடு அரசு அதற்குத் தடை விதித்தது. அந்த முறைகேடுகளை மையப் புலனாய்வுத் துறை விசாரிக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட 2025 ஆகிவிட்டது. அத்தனை ஆண்டுகள் மணல் காத்திருக்குமா?

காப்பாற்றுகிறோம் என்று சொல்லிச் செய்யும் கேடும் உண்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் கடற்கரையெங்கும் சவுக்கு நடுவதே பாதுகாப்பு என்று ஒரு வேகம் பிறந்தது. வேதாரண்யம் பக்கத்து நாலுவேதபதியில் 2002ஆம் ஆண்டு ஒரே நாளில் ஊரார் நட்ட எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மரக்கன்றுகள் அலையின் வேகத்தைத் தணித்தன என்பதை நாங்கள் மறுக்கவில்லை. அந்த ஊராரின் உழைப்பு வணக்கத்துக்குரியது. ஆனால் அதிலிருந்து எடுத்த பாடம் பிழையானது. மேடு இருந்த இடத்தில் மேட்டைக் கலைத்துவிட்டுச் சவுக்கு வரிசை போடுவது, கோட்டைச் சுவரை இடித்துவிட்டு வாசலில் தடி ஊன்றுவதற்கு ஒப்பாகும். சவுக்கின் நிழலிலும் உதிர்ந்த சருகிலும் அடும்பு வளராது. ஆமை முட்டையிட ஏறும் திறந்த மணல் குறையும். மரம் என்றால் நல்லது, மணல் என்றால் வெற்று நிலம் என்ற எளிய சமன்பாடு பச்சை நிறத்தில் எழுதப்பட்டாலும் பிழை பிழைதான்.

கோடியக்கரையைப் பாருங்கள். 1967இல் சரணாலயம், 2002இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் வந்த ஈரநிலம். அங்கே மிக உயரமான இடம் இராமர் பாதம் என்று மக்கள் வணங்கும் மணல்மேடு. வெளிமான் மேயும் புல்வெளியும் உலர் பசுமைக் காடும் பழைய மணல்மேடுகளின் மேலேயே நிற்கின்றன. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது அந்தக் காட்டில் ஏராளமான மரங்கள் விழுந்தன. மரம் விழுந்தாலும் மேடு நின்றால் காடு மீண்டும் வர இடமுண்டு. மேடு போனபின் மரம் நடுவதற்கே இடமில்லை. எதைத் தாங்கி எது நிற்கிறது என்ற வரிசை நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். பாக்கு நீரிணையின் மறுகரையில், வடமராட்சியின் மணற்காட்டில், மணல் மூடிய பழைய அந்தோனியார் கோயிலின் இடிபாடு நிற்கிறது. படம் எடுக்கப் போகிறவர்களுக்கு அது அழகிய சிதைவு. வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு, மணல் தன் வழியை மறப்பதில்லை என்ற அறிவிப்பு.

மணல்மேட்டைக் காப்பதென்றால் மீனவர்களை அப்புறப்படுத்துவது என்று புரிந்துகொள்ளும் கூட்டம் ஒன்று இருக்கிறது. அவர்களோடு எங்களைச் சேர்த்துவிட வேண்டாம். மேட்டின் பின்னால் குடியிருந்து, அதன் சரிவில் வலை காயவைத்து, கட்டுமரத்தை ஏற்றி வைத்து, கருவாடு உலர்த்திப் பல தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள் மேட்டைக் கரைத்துவிடவில்லை. அது கரைந்தால் முதலில் போவது தம் வீடு என்பது அவர்களுக்குத் தெரியும். கரையில் பிறந்தவர்களே எழுத வந்தபோது, ஜோ டி குருஸின் ஆழி சூழ் உலகு 2004இல் வெளியானபோது, கடற்கரை காதலர் அமரும் இடமாக மட்டும் அதுவரை எழுதப்பட்டு வந்ததன் வெறுமை பலருக்கும் உறைத்தது. அதே வெறுமை இப்போது சூழல் சுற்றுலாவின் மொழியில் திரும்பி வருகிறது. வலை காய்ந்த இடத்தில் வலை கூடாது. வந்து போகிறவர்களுக்கு நாற்காலி போடலாம். இதற்குப் பெயர் பாதுகாப்பு என்றால், யாரிடமிருந்து யாருக்காக?

நண்பர்கள் மூன்று மறுப்புகளைச் சொல்லக் கூடும்.

முதலாவது: பார்த்தால்தானே நேசிப்பார்கள், நேசித்தால்தானே காப்பார்கள்? கேட்க இனிமையான வாதம். ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் பார்க்கும் கடற்கரைகளின் நிலை அந்த வாதத்தை ஆதரிக்கவில்லை. நேசம் பார்ப்பதனால் தானாக வருவதில்லை. பார்ப்பது என்ன என்று தெரிந்தால் வரும். அடும்பின் மேல் நடந்துகொண்டே இயற்கையை வியப்பவருக்குக் காலடியில் அறுவது என்ன என்று யாரும் சொன்னதில்லை. சொல்லாதவர்களில் இலக்கியமும் சேர்த்தி.

இரண்டாவது: சுற்றுலாவால் ஏழைக்குப் பிழைப்பு வருகிறது. வருகிறது, சங்கு மாலை விற்பவரின் பிழைப்பையும் மீன் வறுத்துக் கொடுப்பவரின் பிழைப்பையும் நாங்கள் இகழவில்லை. தனுஷ்கோடியில் 2017இல் அரிச்சல்முனை வரை சாலை வந்ததால், மணலில் வேன் ஓட்டுவது பெரும்பாலும் தேவையற்றுப் போனதும் நல்லதே. ஆனால் மேடும் ஊற்றும் போனபின் கடைக்காரர் எங்கே நிற்பார்? மேட்டைக் காப்பது அவருடைய பிழைப்பையும் காப்பதாகும்.

மூன்றாவது: வீடு கட்ட மணல் வேண்டாமா? வேண்டும். இன்று பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் பெருமளவில் புழக்கத்துக்கு வந்துவிட்டது. அதற்கு மலைகள் விலை கொடுக்கின்றன என்பதையும் மறைக்க வேண்டாம். எங்கள் கேள்வி வேறு. எவ்வளவு மணல் ஆற்றில் வருகிறது, எவ்வளவு கடலுக்குப் போக வேண்டும் என்ற கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு, மிஞ்சுவதை எடுங்கள். வரவு பார்க்காமல் செலவு செய்யும் குடும்பத்தை ஊர் என்ன சொல்லும்?

நெதர்லாந்து என்ற தாழ்நிலத்து நாட்டில் மணல்மேட்டை அழகுக்காக வைத்துக்கொள்ளவில்லை. ஆம்ஸ்டர்டாம் நகரம் 1853 முதல் மணல்மேட்டு நீரைக் குடித்து வருகிறது. கரையில் மணல் குறைந்தபோது 2011இல் சுமார் 2 கோடிக் கன மீட்டர் மணலைக் கடலடியிலிருந்து எடுத்து ஓரிடத்தில் கொட்டி, காற்றும் அலையும் அதைக் கரை நெடுகப் பரப்பட்டும் என்று விட்டார்கள். அந்தச் செல்வம் நம்மிடம் இல்லை. நம்மிடம் இருந்தது அந்தச் செல்வத்தால் வாங்க முடியாத ஒன்று: கூலி கேட்காமல் மணல் சுமந்து வந்த ஆறுகள்.

ஆகவே நாங்கள் கோருவது இவை. 2019 அறிவிக்கையின் தடையிலிருந்து உயிர்ப்புள்ள என்ற பெயரடை நீக்கப்பட வேண்டும். எல்லா மணல்மேடும் மணல்மேடே. கடற்கரை வரைபடங்களில் மேடுகளைக் குறிக்கும்போது அந்தந்தக் குப்பத்து மக்களோடு நடந்துபோய்க் குறிக்க வேண்டும். அவர்கள் வைத்திருக்கும் பெயர்களோடு பதிய வேண்டும். ஆற்றில் அணையும் தடுப்பணையும் கட்டும் ஒவ்வொரு திட்ட அறிக்கையிலும், குவாரிக்குத் தரும் ஒவ்வோர் அனுமதியிலும், கடலுக்குச் சேர வேண்டிய மணலின் கணக்கு இடம்பெற வேண்டும். பாதுகாக்கப்பட்ட மேடுகளில் வருவோரின் எண்ணிக்கையை மேட்டின் தாங்குதிறன் தீர்மானிக்க வேண்டும். நுழைவுச்சீட்டின் வருமானம் தீர்மானிக்கக் கூடாது.

போக வேண்டாம் என்று சொல்கிறோமா? இல்லை. போங்கள். குழந்தைகளை அழைத்துக்கொண்டு போங்கள். வண்டியைச் சாலையிலேயே நிறுத்துங்கள். ஊரார் நடக்கும் தடத்தில் நடங்கள். கொடி படர்ந்த சரிவில் ஏறாதீர்கள். இராவணன் மீசையின் உருண்டை கையில் கிடைத்தால் நினைவுப்பொருளாகப் பையில் போட்டுக்கொள்ளாமல் காற்றில் விட்டுவிடுங்கள். அதற்கு வேலை இருக்கிறது. ஊற்றில் நீர் அள்ளும் பெண்ணைப் படம் எடுக்குமுன் அவரிடம் நீரைப் பற்றி இரண்டு வார்த்தை கேளுங்கள்.

பிறகு கலசப்பாக்கத்துக்குத் திரும்பி வரும்போது செய்யாற்றுப் பாலத்தில் ஒரு நிமிடம் நின்று கீழே பாருங்கள். நீர் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். மணல் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த முறை ஊர்க் கூட்டத்தில் ஆற்றைப் பற்றிப் பேச்சு வந்தால், அந்த மணலுக்காகவும் ஒருவர் பேச வேண்டும். பெருமணலைக் காக்கும் வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது.